முதல் 12 வாரம்: புது நாட்டில் கர்ப்பமானால் கையில் எடுக்க வேண்டியவை

டெஸ்ட் கார்டில் இரண்டு கோடு விழுந்த அன்றே போன் செய்தால், பல நாடுகளில் கிடைக்கும் பதில் இதுதான்: "வாழ்த்துகள். எட்டு முதல் பத்து வாரத்துக்குள் முதல் அப்பாயின்ட்மென்ட் வரும்." அவ்வளவுதான். மறுநாளே டாக்டரைப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, மாத்திரைச் சீட்டோடு திரும்பியே பழகியவர்களுக்கு இது அலட்சியமாகத் தெரியும். அந்த வாரங்களில் மருத்துவமனை செய்யக்கூடியது குறைவு என்பதுதான் காரணம். ஆனால் நீங்கள் செய்ய வேண்டியது குறைவில்லை: தேதி, மாத்திரை, அபாய அறிகுறி மூன்றும் அப்பாயின்ட்மென்ட் வரும்வரை காத்திருக்காது. பல இடங்களில் உங்களைப் பார்க்கப்போவது டாக்டரே இல்லை, மிட்வைஃப் (பேறுகாலத்துக்கென்றே பயிற்சி பெற்றவர்). சிக்கல் இருந்தால்தான் டாக்டரிடம் அனுப்புவார்கள்.

கணக்கு வாரத்தில்தான்

"மூணு மாசம்" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. எல்லாம் வாரக் கணக்கு; அதுவும் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. மார்ச் 4 அன்று மாதவிலக்கு தொடங்கியிருந்தால் ஏப்ரல் 1 அன்று நாலு வாரம் முடிகிறது. கரு உருவாகி அப்போதுதான் சுமார் இரண்டு வாரம் ஆகியிருக்கும். மே 13 அன்று பத்து வாரம், டிசம்பர் 9 அன்று நாற்பது.

இந்தத் தேதியைப் படிவத்தில் எழுதும்போதே ஒரு தப்பு நடக்கும். நாள் முதலில் என்று பழகிய கை 4/3 என்று எழுதும். மாதத்தை முதலில் எழுதும் நாட்டில் அது ஏப்ரல் 3. ஒரே கோட்டில் கர்ப்பம் 30 நாள் இளசாகி, ஸ்கேன் தேதியும் தள்ளிப் போய்விடும். மாதத்தை எண்ணில் எழுதாதீர்கள், பெயராக எழுதுங்கள். மாதவிலக்கு 28 நாளுக்கு ஒருமுறை வராமல் 35, 40 நாள் என்று தள்ளித் தள்ளி வருபவரானால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கரு தாமதமாகத் தங்கியிருக்கும். ஸ்கேனில் வாரம் குறைவாகக் காட்டினாலும் அது வளர்ச்சிக் குறைவு ஆகாது.

டெஸ்ட் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. காலை முதல் சிறுநீர் நல்லது. பெட்டியில் போட்ட நிமிடத்துக்குள் பாருங்கள்; கால் மணி நேரம் கழித்துத் தெரியும் நிறமில்லாத கோடு வெறும் காய்ந்த தடமாக இருக்கலாம். சந்தேகமானால் இரண்டு மூன்று நாள் விட்டுத் திரும்பச் செய்யுங்கள். டெஸ்ட் கார்டு கண்டுபிடிக்கும் கர்ப்ப ஹார்மோனான ஹெச்சிஜி ஆரம்பத்தில் ஏறக்குறைய இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும், ஆகவே கோடு தெளிவாகிவிடும்.

மாத்திரைகள்

ஃபோலிக் ஆசிட் இன்றே தொடங்க வேண்டியது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக் குழாய், கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடும். நம் வாரக் கணக்கில் அது ஆறாவது வாரம். முதல் அப்பாயின்ட்மென்ட் வரும்போது அந்த வேலை முடிந்திருக்கும். சாதாரணமாக ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம், 12 வாரம் முடியும்வரை. பெட்டியில் அலகைப் படியுங்கள்: 400 மைக்ரோகிராம் என்பது 0.4 மில்லிகிராம். கையோடு கொண்டுவந்த பட்டையில் 5 மில்லிகிராம் என்றிருந்தால் அது பன்னிரண்டரை மடங்கு. அந்த அளவு சர்க்கரை நோய், வலிப்பு மருந்து, தலசீமியா (பரம்பரை ரத்த நோய்), முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை போன்ற காரணம் உள்ளவர்களுக்கு டாக்டர் எழுதித் தருவது.

ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எட்டாவது வாரம்வரை காத்திருக்கக் கூடாது. தைராக்சின் போடுபவர்களுக்குப் பெரும்பாலும் கர்ப்பம் தெரிந்த உடனேயே அளவை 25 முதல் 30 சதவீதம் கூட்ட வேண்டிவரும். ஆரம்ப வாரங்களில் குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது, தாயின் ஹார்மோன்தான். அந்த வாரமே போன் செய்து ரத்தப் பரிசோதனை கேளுங்கள். முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், மூட்டுவாதம் போன்றவற்றுக்கான மெத்தோட்ரெக்ஸேட், வலிப்புக்கான வால்ப்ரோயேட், ரத்தக் கொதிப்புக்கான சில மருந்துகள் (பெயர் 'ப்ரில்' என்று முடிபவை), ரத்தம் கட்டாமலிருக்கத் தரும் வார்ஃபரின் எல்லாம் அன்றே டாக்டரிடம் பேச வேண்டியவை. பேச வேண்டியவை என்றுதான் சொல்கிறோம். வலிப்பு மாத்திரையைப் பயந்து தானாக நிறுத்துவது மாத்திரையைவிட ஆபத்தில் முடியலாம். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். பட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென் வேண்டாம்.

கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை மாத்திரையாக ஏன் தரவில்லை என்பது அடிக்கடி எழும் கேள்வி. எல்லாருக்கும் தந்தால் பலன் இருப்பதாக நிரூபணம் இல்லை. இப்போது ரத்தக் கசிவும் இருந்து, முன்பு கருவும் கலைந்திருந்தால் உதவலாம் என்பதை பிரிட்டனில் 4,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2019-ல் வெளியான பிரிஸ்ம் ஆய்வு காட்டியது. உங்களுக்கு அந்த இரண்டும் இருந்தால் வாய்விட்டுக் கேளுங்கள்.

மசக்கை

நாலிலிருந்து ஏழாவது வாரத்துக்குள் குமட்டல் தொடங்கும், ஒன்பதாவது வாரத்தை ஒட்டி உச்சம், பெரும்பாலோருக்கு 16 முதல் 20 வாரத்துக்குள் அடங்கும். காலையில் மட்டும்தான் வரும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெறும் வயிறு அதைக் கூட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம், எழுந்திருக்கும் முன் படுக்கையிலேயே உலர்ந்ததாக ஏதாவது. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடையில் வாய் வாயாகக் குடியுங்கள். இரும்புச்சத்து மாத்திரையால் குமட்டல் கூடினால், கொஞ்ச நாள் நிறுத்தலாமா என்று கேட்கலாம். வைட்டமின் பி6-உம் டாக்சிலமைனும் சேர்ந்த மாத்திரை பல நாடுகளில் முதலில் தரப்படுவது.

24 மணி நேரமாகத் தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் அடர் நிறமாகி எட்டு மணி நேரமாக வரவே இல்லை, எடை ஐந்து சதவீதம் இறங்கிவிட்டது: இதில் ஒன்று இருந்தாலும் அது மசக்கையைத் தாண்டியது. சலைன் ஏற்ற வேண்டியிருக்கும். "எல்லாருக்கும் வருவதுதானே" என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

தூக்கம் தூக்கமாக வருவது, மார்பகங்களில் வலி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் எல்லாம் இயல்பு. சிறுநீரில் எரிச்சல் இயல்பில்லை, மாதிரி கொடுக்க வேண்டும்.

ரத்தம் பட்டால்

முதல் 12 வாரத்தில் நாலில் ஒருவருக்கு ஏதோ ஒரு அளவு ரத்தம் படும். அவர்களில் நிறையப் பேருக்குக் கர்ப்பம் நல்லபடியாகத் தொடரும். போன் செய்தால் மருத்துவமனையில் கேட்கப்போவது: நிறம் என்ன, எத்தனை பேட், கட்டியாக வந்ததா, வலி எந்தப் பக்கம், ரத்த வகை என்ன. கேட்கும் முன்பே எழுதி வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள். "நிறையப் போகிறது" என்பதைவிட "ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைகிறது, இரண்டு மணி நேரமாக இப்படி" என்பது உடனே ஆளை நகர்த்தும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்பு உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று முடிவு செய்வார்கள்.

போன் வரிசையில் நிற்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியது இது: அடிவயிற்றில் ஒரே பக்கமாகக் கடும் வலி, தலைசுற்றி விழப்போவது போன்ற உணர்வு, தோள் நுனியில் காரணமில்லாத வலி. கரு கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கியிருக்கலாம். நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு இப்படி ஆகும். உள்ளே கசியும் ரத்தம் உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறுத்துவதால்தான் வலி தோளில் தெரிகிறது. வெளியே ரத்தமே படாமலும் இது நடக்கும்.

தெரிந்த கர்ப்பங்களில் பத்து முதல் இருபது சதவீதம் கலைந்துவிடும். ஆரம்பத்திலேயே கலைபவற்றில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறால். படி ஏறியதாலோ, விமானத்தில் வந்ததாலோ, வேலைக்குப் போனதாலோ இல்லை. படுத்தே கிடந்தால் கரு தங்கும் என்பதற்கும் ஆதாரமில்லை. நாள் கணக்கில் அசையாமல் கிடப்பது காலில் ரத்தக் கட்டுக்கு வழி.

இங்கே ஒரு சொல் சிக்கல். நம் பேச்சில் தானாகக் கலைந்ததையும் 'அபார்ஷன்' என்போம். ஆங்கிலம் பேசும் மருத்துவமனையில் அதை நீங்களாகக் கலைத்தது என்றே எழுதிக்கொள்வார்கள். தானாகப் போனது 'மிஸ்கேரேஜ்'.

முதல் அப்பாயின்ட்மென்ட்

ஒரு மணி நேரம்கூட ஆகலாம். முந்தைய கர்ப்பங்கள் எத்தனை, பிரசவம் எப்படி, குடும்பத்தில் சர்க்கரை நோய் உண்டா, கணவனும் மனைவியும் ரத்த உறவா என்றெல்லாம் கேட்பார்கள். குறை கண்டுபிடிக்கக் கேட்பதில்லை, எந்தப் பரிசோதனை தேவை என்று பார்க்கத்தான். கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வீட்டில் அடி, பயம் ஏதாவது உண்டா என்றும் கேட்பார்கள். எல்லாப் பெண்களிடமும் கேட்பது அது. இதனால்தான் கணவரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறோம். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொன்னால் பல நாடுகளில் போன் வழியாகவாவது ஏற்பாடு செய்வார்கள். அன்று வந்து கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், ரத்த வகை, எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சிஃபிலிஸ் வழக்கமாகப் பார்ப்பவை. தலசீமியா பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். உங்களுக்குச் சுமப்புநிலை (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பது) என்று வந்தால் கணவரின் ரத்தத்தையும் அந்த வாரமே பார்க்க வேண்டும். இருவருக்கும் இருந்தால் குழந்தைக்குக் கடும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. தெற்காசியர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் அதிகம் வருவதால் சிலருக்கு ஆரம்பத்திலேயே பார்ப்பார்கள். வழக்கமான குளுக்கோஸ் சோதனை 24 முதல் 28 வாரத்தில்.

ஸ்கேன்

ஆறு வாரத்துக்கு முன் ஸ்கேன் எடுத்தால் இதயத் துடிப்பு தெரியாமல் போவது சகஜம். வீண் பயம்தான் மிஞ்சும். கரு 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து துடிப்பு இல்லை என்றால், ஒரு வாரமாவது விட்டுத் திரும்ப எடுக்காமல் எந்த முடிவும் சொல்லக் கூடாது. யாராவது அன்றே சொன்னால் இரண்டாவது ஸ்கேன் கேளுங்கள். தேதியை உறுதி செய்யும் ஸ்கேனும் டவுன் சிண்ட்ரோம் (பிறவிக் குரோமோசோம் கோளாறு) வாய்ப்பைக் கணிக்கக் குழந்தையின் கழுத்துப் பின்புறத்தை அளப்பதும் 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை. மேலே சொன்ன மார்ச் 4 கணக்கில் அது மே 20 முதல் ஜூன் 9 வரை. அந்த ஜன்னல் மூடினால் திரும்பத் திறக்காது. மே தொடங்கியும் தேதி வரவில்லையென்றால் நீங்களே போன் செய்யுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கே உரிய இரண்டு. விசா புதுப்பிக்க மார்பு எக்ஸ்ரே கேட்டால், எடுக்கும் முன் கர்ப்பம் என்று சொல்லுங்கள். தள்ளிப்போட வழி உண்டா என்று கேளுங்கள். வெப்ப நாடுகளில் வளர்ந்த பலருக்குச் சின்னம்மை சின்ன வயதில் வந்திருக்காது. சின்னம்மை உள்ளவரோடு ஒரே அறையில் 15 நிமிடம் இருந்திருந்தால், உடம்பில் எதுவும் தெரியாவிட்டாலும் அன்றே போன். தடுப்பூசி அப்போது போட முடியாது, அது உயிருள்ள கிருமி. எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தம் பார்த்து மருந்து தருவார்கள். நேரில் வரச் சொன்னால், காத்திருக்கும் அறைக்குள் நுழையும் முன்பே வாசலில் விஷயத்தைச் சொல்லுங்கள். அங்கே இன்னும் நாலு கர்ப்பிணிகள் உட்கார்ந்திருப்பார்கள்.