குளூட்டனுக்குப் பின்னும் நீடித்த உப்புசம்: காரணம் பால்

கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் சிறுகுடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ள நான், பயணத்துக்கு ஆறு நாள் இருக்கையில், கோதுமை மாவு சலித்த அதே சல்லடையில் சலித்த அரிசி மாவைத் தெரியாமல் உண்டுவிட்டேன். சில மணி நேரத்திலேயே வயிற்றுப்போக்கும் உப்புசமும் தொடங்கின. வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை உப்புசத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரேற்றக் கரைசல் சோர்வைப் போக்கியது. உப்புசம் மட்டும் நான்காம் நாளும் நீடித்தது.

உணவுக் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான், தெம்புக்காக (என்ன தெம்போ!) நாள்தோறும் குடித்த பாலுக்குப் பின்னரே அது கூடுவதைக் கவனித்தேன். சீலியாக் நோயில் குளூட்டனால் சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் (சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள்) சிதையும்போது, அவற்றின் மேற்பரப்பிலுள்ள பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதியும் குறைந்து, லாக்டோஸ் என்னும் அந்தச் சர்க்கரை செரிக்காமல் பெருங்குடலில் நொதித்து வாயுவாகிவிடும். பாலை நிறுத்திய இரண்டாம் நாள் வயிறு அடங்கியது. திட்டமிட்டபடியே நிம்மதியாகப் புறப்பட்டேன்.