கோலாலம்பூரில் டிபிகேஎல்லை (மாநகர மன்றத்தை) நாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலையில் குழி, லோங்காங் (வடிகால்) அடைப்பு, தெருவிளக்கு எரியவில்லை. எதுவானாலும் "டிபிகேஎல்லுக்குப் போன் போடு" என்பதுதான் நம் வாயில் முதலில் வரும். பல புகார்கள் வாரக்கணக்கில் நகராமல் கிடப்பதும் அதனால்தான். யாருடைய வேலை என்று தெரிந்து கொடுத்த புகாருக்குத்தான் ஆள் வருவார்.

முதல் குழப்பம் எல்லையில். செந்தூல் டிபிகேஎல்லின் கீழ் வருகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் பத்துமலை. அது சிலாங்கூர், செலாயாங் நகராண்மைக் கழகத்தின் பகுதி. ஜாலான் அம்பாங்கின் நகர்ப்பக்கம் டிபிகேஎல், அம்பாங் ஜெயாவுக்குத் தனி நகராண்மைக் கழகம். முகவரியில் உள்ள ஊர்ப்பெயரையும் அஞ்சல் குறியீட்டையும் வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். வீட்டு மதிப்பீட்டு வரிச்சீட்டின் தலைப்பில் எந்த மன்றத்தின் பெயர் இருக்கிறதோ, அதுதான் உங்கள் மன்றம். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் அந்தச் சீட்டை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

எல்லைக்குள்ளேயே எல்லாம் டிபிகேஎல்லின் வேலை ஆகிவிடாது. தண்ணீர் மீட்டர் வரை உள்ள குழாய் ஆயர் சிலாங்கூருடையது, எண் 15300. மீட்டரைத் தாண்டிக் கசிந்தால் பிளம்பரை நீங்கள்தான் கூப்பிட வேண்டும். தெருவிளக்கோடு வீடுகளிலும் கரண்ட் போயிருந்தால் தெனாகா நேஷனல், 15454. டியூக் போன்ற டோல் நெடுஞ்சாலையில் உள்ள குழிக்கு அந்தச் சாலையை நடத்தும் நிறுவனம் பொறுப்பு. குப்பை அள்ளுவது அலாம் ஃபுளோரா, அதை மேற்பார்வை செய்வது எஸ்டபிள்யூ கோர்ப் என்ற அரசு அமைப்பு. செலாயாங் பக்கம் போனால் குப்பைக்கு நிறுவனமே வேறு.

அதிகம் பேர் தடுமாறுவது கழிவுநீரில்தான். திறந்த லோங்காங் மழைத்தண்ணீருக்கானது. தெருவோர லோங்காங் அடைத்தால் டிபிகேஎல். கழிப்பறைத் தண்ணீர் நிலத்தடிக் குழாயில் போகிறது. அந்தப் பொதுக்குழாய் கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டருடையது. உங்கள் நிலத்துக்குள் இருந்து பொதுக்குழாயில் சேரும் வரை உள்ள இணைப்புக்கு நீங்களே பொறுப்பு. கழிப்பறை பொங்கும்போது அடைப்பு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வழி உண்டு. வீட்டுக்கு வெளியே, பெரும்பாலும் பின்சந்தில், உங்கள் குழாய் போய்ச் சேரும் மேன்ஹோல் மூடியைப் பாருங்கள். ஓரத்தில் தண்ணீர் கசிந்தாலோ, பக்கத்து வீட்டிலும் அதே நேரத்தில் பொங்கினாலோ, அடைப்பு பொதுக்குழாயில் இருக்க வாய்ப்பு அதிகம். இண்டா வாட்டரைக் கூப்பிடுங்கள். அங்கே ஈரமே இல்லாமல் உங்கள் வீட்டில் மட்டும் பொங்கினால் அடைப்பு உங்கள் பக்கம். மூடியை நீங்களே நெம்பித் திறக்க வேண்டாம், உள்ளே விஷவாயு தேங்கியிருக்கும்.

இன்னொன்று. வீட்டு முன் லோங்காங்கை சிமெண்ட் போட்டு, டைல்ஸ் ஒட்டி முழுக்க மூடிவிடும் பழக்கம் பல தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) இருக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் உள்ளே மண் சேர்ந்தால் துப்புரவுத் தொழிலாளர் மண்வெட்டி விட வழியில்லை. அடுத்த கனமழையில் உங்கள் வாசலோடு பக்கத்து வீட்டு வாசலும் சேர்ந்து மூழ்கும். மூட வேண்டுமென்றால் தூக்கி எடுக்கும்படியான இரும்புக் கம்பி மூடி போடுங்கள்.

புகாரை எழுதும் விதத்திலும் தவறு நடக்கிறது. "எங்கள் தாமானில் விளக்கு எரியவில்லை" என்று எழுதினால் பணியாளர் எந்தக் கம்பத்தைத் தேடுவார்? விளக்குக் கம்பத்தில் எண் ஒட்டியிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாலைப் பெயர், எதிரே உள்ள வீட்டு எண், இரவு முழுக்க எரியவில்லையா அல்லது விட்டு விட்டு எரிகிறதா என்பதைச் சேருங்கள். குழியென்றால் இரண்டு படம் எடுங்கள்: ஒன்று அருகில் இருந்து, அளவு தெரிய ஒரு செருப்பைப் பக்கத்தில் வைத்து; மற்றொன்று தள்ளி நின்று, கடைப் பலகையோ சந்திப்போ தெரியும்படி. ஒரு புகாரில் ஒரு பிரச்சினை மட்டும். விளக்கு, லோங்காங், மரக்கிளை மூன்றையும் ஒரே புகாரில் அடைத்தால் ஒரு பிரிவு தன் வேலையை முடித்ததும் புகாரே முடிந்ததாகக் கணக்கில் ஏறிவிடும், மற்ற இரண்டும் தொங்கும். எந்த வழியில் புகார் கொடுத்தாலும் எண் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத வாய்மொழிப் புகாரைத் தொடர்ந்து கேட்க வழியே இல்லை. கோலாலம்பூரில் சட்டமன்ற உறுப்பினர் கிடையாது, தேர்ந்தெடுக்கப்பட்ட நகர உறுப்பினரும் இல்லை. நாட்டின் ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டவை. நகரின் 11 நாடாளுமன்றத் தொகுதிகளில் உங்கள் தொகுதியின் சேவை மையத்துக்குப் போகும்போது அந்த எண்ணைக் கையில் வைத்திருந்தால் அவர்களால் உடனே பின்தொடர முடியும்.

வரி விஷயத்தில் நம் குடும்பங்களில் அடிக்கடி நடக்கும் தவறு, வீடு இன்னும் காலமான அப்பாவின் பெயரிலேயே இருப்பது. வரி கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம் என்று விட்டுவிடுகிறார்கள். 1976 ஊராட்சிச் சட்டப்படி உரிமையாளர் இறந்தால், வாரிசு 1 ஆண்டுக்குள் 'போராங் ஜே' (ஜே படிவம்) வழி மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டை விற்றால், விற்றவரும் வாங்கியவரும் 3 மாதத்துக்குள் 'போராங் ஐ' கொடுக்க வேண்டும். வக்கீல் நில அலுவலகத்தில் பெயர் மாற்றியதும் மன்றத்திலும் தானாக மாறிவிடும் என்று நம்பாதீர்கள். இரண்டும் வேறு பதிவேடுகள். மாற்றாவிட்டால் பாக்கிக்கான அறிவிப்பு பழைய பெயருக்கும் பழைய முகவரிக்கும் போய்க்கொண்டிருக்கும். பாக்கி வளர்ந்தால் வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்ய வாரண்ட் பிறப்பிக்கும் அதிகாரம் மன்றத்துக்கு உண்டு.

மதிப்பீட்டு வரி ஆண்டுக்கு இரண்டு தவணை: பிப்ரவரி கடைசிக்குள் ஒன்று, ஆகஸ்ட் 31-க்குள் ஒன்று. பில் வரவில்லை என்பது காரணமாகாது. நில வரி வேறு, அதற்கு அலுவலகமும் வேறு, கடைசி நாள் மே 31. மதிப்பீட்டு வரியைக் கட்டிவிட்டு நில வரியை மறப்பவர்கள் நிறைய. ஆன்லைனில் கட்டும்போது கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தப்பினாலும் பணம் வேறு வீட்டுக் கணக்கில் ஏறிவிடும். திரையில் வரும் முகவரியைப் படித்த பிறகு பொத்தானை அழுத்துங்கள்.

மறுமதிப்பீட்டு அறிவிப்பு வந்தால் காபிக் கடையில் குறைப்பட்டுக்கொண்டால் போதாது. அதில் குறித்த நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் போக வேண்டும். "கட்ட முடியவில்லை" என்பது சட்டம் ஏற்கும் காரணம் இல்லை. ஆண்டு மதிப்பு என்பது அந்த வீட்டுக்கு ஒரு வருடத்தில் கிடைக்கக்கூடிய வாடகை. அதே சாலையில் அதே மாதிரி வீடுகளின் உண்மையான வாடகையைக் காட்டுங்கள், அதுதான் எடுபடும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. வாடகைக்கு விடப்படும் பிபிஆர் (அரசு மலிவு விலை அடுக்குமாடி) என்றால் உரிமையாளரே டிபிகேஎல், லிஃப்ட் பழுதுக்கும் அங்கேதான். விற்கப்பட்ட வீடுகளில் முதலில் நிர்வாகக் குழு. மேல்மாடியில் இருந்து தண்ணீர் சொட்டினால் மேல்வீட்டாரோடு சண்டைக்குப் போகாமல், நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவித்த 7 நாளுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும், பார்த்த 5 நாளுக்குள் காரணத்தைக் குறித்த ஆய்வுச் சான்றிதழ் தர வேண்டும். கசிவு மேல்வீட்டில் இருந்துதான் என்று சட்டம் முதலில் அனுமானிக்கிறது, இல்லையென்றால் அதை நிரூபிக்க வேண்டும். நிர்வாகம் அசையவில்லையென்றால்தான் டிபிகேஎல்லில் உள்ள கட்டட ஆணையர், சிஓபி. ஆண்டுக்கூட்டத்துக்கு 7 நாள் முன்பு பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருந்தால் ஓட்டு இல்லை. உங்களுக்குப் பதில் ஓட்டுப் போட வேறொருவரை நியமிக்கும் பிராக்ஸி தாளைக் கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பே ஒப்படைக்க வேண்டும். ஒருவர் ஒரே ஒரு உரிமையாளருக்குத்தான் பிராக்ஸியாக இருக்கலாம்.

குப்பைக்கு வருவோம். தரை வீடுகளுக்கு வாரத்தில் 2 நாள் சாதாரணக் குப்பை, 1 நாள் மறுசுழற்சிப் பொருளும் பெரிய சாமானும் தோட்டக் கழிவும். பிரிக்காமல் போட்டால் முதல் முறை 50 ரிங்கிட், பிறகு 100, அடுத்து 500 கம்பவுண்ட் (அபராதம்). வீடு உடைத்துக் கட்டிய செங்கலையும் சிமெண்டையும் அந்த லோரி ஏற்றாது, குத்தகைக்காரரிடம் ரோரோ தொட்டிக்கும் (லோரி ஏற்றிச் செல்லும் பெரிய தொட்டி) சேர்த்து விலை பேசுங்கள். தீபாவளிக்கு வீட்டை ஒதுக்கும்போது பழைய மெத்தையை ராத்திரியோடு ராத்திரியாகப் பின்சந்தில் சாய்த்து வைக்காதீர்கள். ஒரு மழை பெய்தால் நாலு பேர் சேர்ந்தாலும் அது தூக்க முடியாத கனமாகிவிடும். அந்த 1 நாள் எது என்று உங்கள் சாலைக்கு வரும் லோரிக்காரரிடம் இந்த வாரமே கேட்டு வையுங்கள், அன்று காலை வாசலில் வையுங்கள்.