தோட்டத்து நாய்க்கு அடிபட்டால் செய்யக் கூடாதவை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் திரியும் நாய்களுக்குக் காயம் புதிதல்ல. முள் குத்தும், காட்டுப்பன்றி கிழிக்கும், பாம்பு கடிக்கும். ஆனால் நான் பார்த்தவரையில், பதறிப்போய் நாம் செய்யும் கைவைத்தியம்தான் நாயை அதிகம் கெடுக்கிறது.

எங்கள் லயத்தில் மணி என்ற நாயின் முன்காலைப் பாம்பு கடித்தபோது, பக்கத்து வீட்டு அண்ணன் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டார். நல்ல மனசோடு செய்ததுதான். கால் வீங்க வீங்க, கயிறு சதைக்குள் புதைந்துவிட்டது. கத்தரிக்கோல் நுனி நுழையக்கூட இடமில்லை. மணி இன்று மூன்று காலில் நடக்கிறது. அதனால் சொல்கிறேன்: கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். பாம்பைத் தேடி அடிக்க நேரமில்லை. நாகம் கண்ணில் விஷம் துப்பியிருந்தால் சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரம் விடாமல் ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள். எலுமிச்சைச் சாறு, பச்சிலை எதுவும் வேண்டாம்.

அடுத்தது எலி மருந்து. மரத்தடியில் வைத்த கட்டியை நாய் தின்றுவிடும். அன்றைக்கு வாலாட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கும். "ஒன்றும் ஆகவில்லையே" என்று விட்டுவிடுவோம். தோட்டங்களில் வைக்கும் பல மருந்துகள் இரத்தத்தை உறைய விடாமல் செய்பவை. மூன்று நான்கு நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூக்கில் இரத்தம் வரும். தின்ற அன்றே போனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம். மருந்து உறையையும் கையோடு எடுத்துப் போங்கள். வாந்தி எடுக்கட்டும் என்று உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள், உப்பே நஞ்சாகிவிடும்.

புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் பூச்சி உருண்டையைப் பொடித்துப் போடுவதும் கூடவே கூடாது. இரண்டும் சதையைப் பொசுக்கும், நக்கினால் உள்ளேயும் போகும். காய்ச்சலுக்குப் பனடோல் (பாராசிட்டமால்) மாத்திரையும் கொடுக்காதீர்கள், ஈரல் கெட்டுவிடும்.

அப்புறம், வலியில் துடிக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். தூக்குமுன் துணியால் வாயைக் கட்டுங்கள். வாந்தி எடுத்தாலோ மூச்சு இரைத்தாலோ மட்டும் கட்டாதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் திரும்பி வந்தது. நம் வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள்.