எலியாவுக்குக் கிடைத்த அடை

தையல் கடையை மூடியபின் ஜெபமே வரவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் 'தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும்' என்ற ரோமர் 8:28-ஐ நீட்டினார்கள். வசனம் உண்மைதான், ஆனால் அப்போது எரிச்சல்தான் வந்தது.

என்னைத் தூக்கிவிட்டது வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரம். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளை ஜெயித்த தீர்க்கதரிசி எலியா, ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின்கீழ் 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்கிறான். தேவன் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தருகிறார், மறுபடி தூங்கவும் விடுகிறார். 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்ற கேள்வியெல்லாம் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான்!

நானும் அதே வரிசையைப் பிடித்தேன். முதலில் நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம். ஜெபத்துக்குச் சொந்த வார்த்தை வராததால் சங்கீதம் 13-ஐ, அதன் புலம்பலோடு, சத்தமாக வாசித்தேன். கடன் கொடுத்தவர்களிடம் பேசும் தைரியம் அதற்கப்புறம் வந்தது. கடை திரும்பவில்லை, வீட்டிலேயே தைக்கிறேன்.