மின்னோட்டம் ஏறிவிட்டதா? அவசரப்பட்டு வினையூக்கியைப் பாராட்டாதீர்கள்

மின்சாரத்தால் கரிம வேதிப்பொருள் தயாரிக்கும் ஆய்வில் நல்ல பெயர் வாங்குவது பெரும்பாலும் வினையூக்கிதான், வேலை செய்தது வேறு யாரோவாக இருந்தாலும். புதுசாக ஒன்றைத் தயாரித்து மின்வேதிக் கலத்தில் மாட்டுகிறோம், மின்னோட்டம் ஏறுகிறது, உடனே கட்டுரை எழுத உட்கார்ந்துவிடுகிறோம். ஏறிய மின்னோட்டம் எங்கே போனது? கலத்தில் தண்ணீர் இருந்தால் ஒரு பக்கம் ஹைட்ரஜனும் இன்னொரு பக்கம் ஆக்சிஜனும் கிளம்பத் தயாராகவே நிற்கும்.

சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபுராலை ஆக்சிஜனேற்றி பிளாஸ்டிக்குக்கான ஃபியூரான் டைகார்பாக்சிலிக் அமிலம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு மூலக்கூறுக்கு 6 எலக்ட்ரான். 0.1 மில்லிமோல் அமிலம் கிடைத்தால் அதற்கு உரிய மின்னூட்டம் சுமார் 58 கூலும். நீங்கள் செலுத்தியது 100 கூலும் என்றால் ஃபாரடே திறன், அதாவது செலுத்திய மின்னூட்டத்தில் வேண்டிய பொருளுக்குப் போன பங்கு, 58 சதவீதம், அவ்வளவுதான். மூலப்பொருள் தீர்ந்ததை வைத்தும் கணக்குப் போடாதீர்கள், ஏனென்றால் செறிந்த காரத்தில் அது மின்சாரமே இல்லாமல் தானாகச் சிதைந்து கரைசலைப் பழுப்பாக்கிவிடும். மின்சாரம் செலுத்தாமல் ஒரு வெற்றுச் சோதனை அவசியம்.

அடுத்தது அந்தக் காரமே. கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் துளி இரும்பு இருக்கும், உங்கள் வினையூக்கி நிக்கல் ஹைட்ராக்சைடு என்றால் அது அதில் போய் உட்கார்ந்து ஆக்சிஜன் வெளியேற்றத்தைப் பலமடங்கு வேகப்படுத்தும். கரிம வினைக்குப் போக வேண்டிய எலக்ட்ரான் குமிழியாகப் போகும், நீங்களோ நிக்கலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பிளாட்டினக் கம்பியை கவுன்டர் எலக்ட்ரோடாக, அதாவது சுற்றை முழுமையாக்க எதிரே வைக்கும் இரண்டாவது மின்முனையாக வைப்பது இதைவிடப் பெரிய வம்பு, நானே இதில் ஒரு மாதம் தொலைத்திருக்கிறேன். உங்கள் வினையூக்கி இருக்கும் மின்முனையில் ஒடுக்க வினை நடக்கும்போது எதிரே இருக்கும் பிளாட்டினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, நகர்ந்து வந்து, உங்கள் வினையூக்கி மேல் படிகிறது. "ஓட ஓடச் செயல்திறன் கூடுகிறது" என்று எழுதியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். கிராஃபைட் வையுங்கள், நடுவில் சவ்வு போடுங்கள், சோதனை முடிந்ததும் மேற்பரப்பில் என்ன படிந்திருக்கிறது என்று பாருங்கள்.

மின்தடைத் திருத்தத்தை, அதாவது கரைசலின் தடையில் வீணாகும் வோல்ட்டைக் கழிப்பதை, மறப்பவர்களும் உண்டு. கரைசலின் தடை 5 ஓம், மின்னோட்டம் 0.2 ஆம்பியர் என்றால் 1 வோல்ட் அங்கேயே போய்விடும்.

அப்புறம், எல்லாத் தீர்வும் மின்முனையில்தான் இருக்கிறது என்ற நினைப்பு. நைலான் 6,6-க்கு வேண்டிய அடிப்போநைட்ரைலை, இரண்டு அக்ரைலோநைட்ரைல் மூலக்கூறுகளை இணைத்து மின்வேதி முறையில் எடுக்கும் வழியை மான்சான்டோ நிறுவனத்தில் மேனுவல் பைசர் உருவாக்கினார், 1965-இல் அது தொழிற்சாலைக்கே போனது. அங்கே திருப்புமுனை புதிய உலோகம் இல்லை, மின்பகுளியில் கலந்த குவாட்டர்னரி அம்மோனியம் உப்பு (நைட்ரஜனில் நான்கு கரிமத் தொகுதிகள் இணைந்த உப்பு). அது மின்முனையருகே தண்ணீரை அண்டவிடாமல் ஒதுக்குகிறது. உப்பு குறைந்தால் அதே உலோகத்தில் இரண்டு மூலக்கூறுகள் இணைவதற்குப் பதிலாக வேண்டாத புரொப்பியோநைட்ரைல்தான் கூடுதலாக வரும்.