வீட்டுத் தொழிலும் கிளினிக் கொப்பியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் விடிகாலையில் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போய்ச்சேரும் இடியப்பமும் பிட்டும் பல வேளைகளில் யாரோ ஒரு தாயின் குசினியில் அவிந்தவையாகவே இருக்கின்றன. அந்தத் தாய் அதே அடுப்படியிலிருந்துதான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறார், வயது போன பெற்றோரைப் பார்க்கிறார். சீனி வருத்தமோ பிரஷரோ இருந்தால் அதற்கும் அவரே நேரம் தேட வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட வீடுகளில் நேரும் தவறுகளில் அநேகமானவை, உடம்பையும் வீட்டு வேலையையும் தொழிலின் கணக்குக்கு வெளியே வைப்பதிலிருந்தே தொடங்குகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் விலையைப் பார்ப்போம். ஓர் எடுத்துக்காட்டாக, ஒரு நாளின் விற்பனை 4,000 ரூபாய் என்றும், அரிசிமா, தேங்காய், விறகு, ஓட்டோக் கூலி எல்லாம் சேர்ந்து 2,600 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், மிச்சமுள்ள 1,400 ரூபாயை இலாபம் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அதில் தாயின் ஏழு மணித்தியால உழைப்பும் மகளின் இரண்டு மணித்தியால உழைப்பும் அடங்கியிருக்கின்றன. மணித்தியாலத்துக்கு வெறும் 100 ரூபாய் என்று போட்டாலும் 900 ரூபாய் கூலியாகக் கழிந்து, உண்மையான இலாபம் 500 ரூபாயாகச் சுருங்கிவிடும். இந்தக் கழிப்பைச் செய்யாதவர், தான் ஒரு நாள் படுத்துவிட்டால் கூலிக்கு ஆள் பிடித்துத் தொழிலை நடத்த முடியாத விலையிலேயே விற்றுக்கொண்டிருக்கிறார். அதனால்தான் காய்ச்சலோடும் எழும்பி மாப் பிசைய வேண்டியிருக்கிறது.

அடுத்தது, கிளினிக் நாளைத் தள்ளிப்போடுவது. அரச வைத்தியசாலைக் கிளினிக்குகளில் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குரிய மருந்தே தருகிறார்கள். அன்று ஒரு பெரிய ஓர்டர் வந்துவிட்டது என்பதற்காகப் போகாமல் விட்டால் மருந்து முடிந்துபோகிறது. பிறகு அக்காவின் குளிசையில் பாதி, பக்கத்து வீட்டு மாமியின் குளிசையில் இரண்டு என்று நாட்கள் ஓடுகின்றன. ஒருவருக்கு எழுதிய அளவு மற்றவருக்குப் பொருந்தாது என்பது தெரிந்திருந்தும் இது நடக்கிறது. ஓர்டர் கொப்பியில் அந்தத் திகதியை முன்கூட்டியே அடைத்து, கடைக்காரரிடம் ஒரு கிழமைக்கு முன்னரே சொல்லிவைத்தால், அவர் அன்றைக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வார்.

இரத்தப் பரிசோதனையிலும் ஒரு நுணுக்கமான தவறு உண்டு. வெறுவயிற்றில் சீனியைப் பார்ப்பதற்கு எட்டு மணித்தியாலமாவது தண்ணீர் தவிர வேறொன்றும் உட்கொள்ளாமல் இருக்க வேண்டும். இரண்டரை மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டுபவரோ, மூன்று மணிக்கு ஒரு கோப்பைச் சீனித் தேத்தண்ணி, சம்பலில் உப்புப் பார்க்க ஒரு கிள்ளு, உடைந்த இடியப்பம் இரண்டு என்று சாப்பிட்டுவிட்டு, ‘காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை’ என்று தாதியிடம் மனதறிந்து பொய்யில்லாமலே சொல்கிறார். அந்த முடிவை வைத்துத்தான் குளிசையின் அளவு தீர்மானிக்கப்படுகிறது. கிளினிக்குக்கு முந்திய சில நாட்கள் மட்டும் சோற்றைக் குறைப்பதும் பயனற்றது. எச்பிஏ1சி என்ற பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டிவிடும்.

குளிசையைப் போட்டுவிட்டு வேலை மும்முரத்தில் சாப்பாட்டைப் பிந்தவிடுவது இதைவிட ஆபத்தானது. சில வகைச் சீனிக் குளிசைகளும் இன்சுலினும் இரத்தத்தில் சீனியை மிதமிஞ்சிக் குறைத்துவிடக் கூடியவை. அடுப்பு வெக்கையில் நிற்பவர் வியர்வையையும் கைநடுக்கத்தையும் களைப்பென்று எண்ணிக்கொள்கிறார். அவை சீனி குறைந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம் என்பதால், உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். கந்தசஷ்டி விரதமானாலும் றமழான் நோன்பானாலும், தொடங்குவதற்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டுக் குளிசை நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். காலில் உணர்வு குறைந்தவர்கள் தணல் சிதறும் அடுப்படியில் வெறுங்காலோடு நிற்கக் கூடாது.

வருத்தம் ஒன்றும் இல்லை என்று நினைப்பவர்களும், 35 வயதைக் கடந்திருந்தால், தொற்றா நோய்களுக்கென அரசு நடத்தும் பரிசோதனை நிலையங்களில் சீனியையும் பிரஷரையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். பிரஷர் பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே கூடுவது.

எல்லா வேலையையும் ஒருவரே கையில் வைத்திருப்பது குடும்பத்தையும் தொழிலையும் ஒருசேரத் தளர்த்தும். பெண்பிள்ளைக்குச் சீதனமாக வீடு கொடுப்பது நமது பகுதியின் வழக்கமாதலால், அக்காவும் தங்கையும் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ குடியிருப்பது சாதாரணம். இது வேறு ஊர்ச் சிறு வியாபாரிகளுக்கு எளிதில் கிடைக்காத வசதி. அந்தத் தங்கைக்கு மாவின் பதத்தையும், எந்தக் கடைக்கு எத்தனை, யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதையும் சுகமாக இருக்கும்போதே பழக்கிவைக்க வேண்டும். உறவென்பதற்காகச் சும்மா வேலை வாங்காமல், பேசிய கூலியை அன்றே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது முறை கூப்பிடும்போது அவருக்கும் ஒரு வேலை வந்துவிடும். கணவர் இருக்கும் வீட்டில் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதையும் கிளினிக் நாளன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதையும் அவர் நிரந்தரமாகப் பொறுப்பேற்பதே முறை. அதை ‘உதவி’ என்று குறிப்பிடுவதைக்கூட நான் ஏற்பதில்லை.

மருந்துச் செலவுக்கோ ரியூசன் காசுக்கோ கிழமைக் கடன் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். வருமானம் தராத செலவுக்கு வாங்கிய கடனின் தவணை, மா வாங்க வைத்த முதலைத்தான் தின்னும். தொழில் காசு ஒரு பேணியிலும் வீட்டுக் காசு இன்னொரு பேணியிலும் இருக்க, கிளினிக் போக்குவரத்துக்கென ஒரு சிறு தொகையை முதல் பேணியிலிருந்து கிழமைதோறும் எடுத்துவைக்கலாம்.

கார்த்திகை முதல் தை வரையான மழைக்காலத்தில் விறகு நனையும், மாவில் பூஞ்சணம் பிடிக்கும், வீதிகள் வெள்ளத்தில் மறியும். 2011 ஜனவரி வெள்ளத்தில் இரு மாவட்டங்களிலும் பெருந்தொகையான குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்ததை மறந்திருக்க மாட்டோம். ஆகவே இம்மாதங்களில் பெரிய ஓர்டர்களுக்கு முற்பணம் வாங்கிச் செலவழித்துவிடக் கூடாது. கிளினிக் கொப்பி, குளிசைகள், கடன் கொப்பி ஆகிய மூன்றையும் ஒரே பொலித்தீன் உறையில் கட்டி, எடுத்துக்கொண்டு புறப்படக்கூடிய உயரத்தில் வைக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள், மின்சாரம் நின்றால் அதை எங்கே குளிர்மையாக வைப்பது என்பதை மழை தொடங்குமுன் கிளினிக்கில் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.