கடல் பனியில் துளையிட்டு பாசி எடுப்பது எப்படி?

துருவக் கடல் பனி கண்ணாடிக் கட்டி மாதிரி திடமானது இல்லை, உள்ளே மயிரிழைக் குழாய்களில் கடும் உப்புநீர் ஓடும், அதில்தான் டயாட்டம் என்ற சிலிக்கா ஓட்டுப் பாசி வாழும். 9 செ.மீ. விட்டமுள்ள துளைக்கருவியால் பனித்தண்டை வெளியே எடுத்ததும் தலைகீழாகிவிடாமல் படுக்க வையுங்கள். முதல் வேலை வெப்பநிலை: நடுவரை சிறு துளை போட்டு வெப்பமானியைச் செருகுங்கள், தாமதித்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

அப்புறம் அடி முனையைப் பாருங்கள். வசந்த காலம் என்றால் கடைசிச் சில சென்டிமீட்டர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும், பெரும்பாலான உயிர் அங்கேதான். வெயில் படாமல் மூடி, உடனே துண்டுகளாக அறுத்துவிடுங்கள், ஏனென்றால் உப்புநீர் சொட்டச் சொட்ட உள்ளே இருக்கும் சத்தும் கூடவே போய்விடும்.

உருக்கும்போதுதான் பலரும் சொதப்புவார்கள். பாசிக்கான துண்டை அப்படியே உருக்கினால் உப்பு சட்டென்று குறைந்து செல்கள் வெடிக்கும், அதனால் வடிகட்டிய கடல்நீர் சேர்த்து, இருட்டில், குளிர்ச்சியாக, மெதுவாக உருக்க வேண்டும். பாசிக்கான சத்துகளான நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் அளக்கும் துண்டுக்கு மட்டும் கடல்நீர் சேர்க்கவே கூடாது, அதிலேயே இவை இருக்கின்றனவே! ஆக, பக்கத்திலேயே இரண்டாவது தண்டு ஒன்று எடுத்துவிடுங்கள். சிலிக்கேட்டுக்குக் கண்ணாடிப் புட்டி வேண்டாம், பிளாஸ்டிக்தான் சரி, கண்ணாடியிலிருந்தே சிலிக்கா கரைந்து வரும்.